ஊர்க் காரியத்தில் மஷூரா

 

நாம் ஆலிமல்ல. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நம் கல்வி. மீதியைத் தராசும் கல்லாப்பெட்டியும் கற்றுக் கொடுத்தன. ஆகையால் இப்பக்கத்தில் நாம் எழுதப் புகுந்தது மார்க்கத் தீர்ப்புச் சொல்வதற்கல்ல. ஆலிம்சாக்களிடம் கேட்டறிந்த சில வரலாறுகளையும், கடைத்தெருவில் நாமே பட்டறிந்த ஒரு நஷ்டத்தையும் சேர்த்து, ஆயர் ஈத்தாமிலும் சுற்றுப்புறங்களிலும் வியாபாரம் செய்யும் நம்மவர்களின் யோசனைக்கு ஒரு விஷயத்தைக் கொண்டு வருகிறோம். நாம் வாழும் ஊர் இன்னும் பத்து, இருபது வருடங்களில் எப்படியிருக்க வேண்டுமென்று அரசாங்கத்தார் வரைபடம் போடுகிறார்களே, அதில் நமக்குப் பங்கு உண்டா? உண்டென்றால் நாம் ஏன் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை?

நோன்பு மாதத்துக்கு வேண்டிய பேரீச்சம்பழத்துக்கு எத்தனை மாதம் முந்தியே சொல்லி வைக்கிறோம்! பெருநாள் துணிக்கு ரஜப் மாதத்திலேயே பணம் கட்டுகிறோம். பிள்ளை பிறந்த வருடமே அதன் படிப்புக்குச் சேமிப்புத் தொடங்குகிறவர்களும் நம்மில் உண்டு. இப்படி முன்யோசனை மிகுந்த நாம், நம் கடை நிற்கும் தெரு எதிர்காலத்தில் தெருவாக இருக்குமா, சாக்கடையாகுமா, ஆறு வழிச் சாலையாகுமா என்பதை மட்டும் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டு விடுகிறோம். இதைத் தவக்குல் என்று சொல்லிக்கொள்வது சரியாகாது. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பாரம் போடச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம்.

முதலில் நம் நஷ்டத்தைச் சொல்லி விடுகிறோம். பிறர் குற்றத்தைச் சொல்லுமுன் தன் குற்றத்தைச் சொல்வதே முறை.

நம் தகப்பனார் மர்ஹூம் அவர்கள் ஆயர் ஈத்தாமில்தான் கடை வைத்திருந்தார்கள். நடுவே சில வருடங்கள் நாம் வேறொரு சிற்றூரில் தனியாக மளிகைக் கடை நடத்தினோம். ஊர்ப் பெயர் வேண்டாம். கடைக்கு எதிரே பஸ் நிற்கும் இடம். வரும் பஸ்ஸும் போகும் பஸ்ஸும் அங்கேதான் நிற்கும். காலையிலும் மாலையிலும் இறங்குகிறவர்களில் பத்துப் பேருக்கு நாலு பேராவது கடைக்குள் வந்து போவார்கள். அல்லாஹ்வின் கிருபையால் வியாபாரம் பர்க்கத்தாகவே நடந்தது.

ஒரு நாள் நம் வாடிக்கையாளரான மலாய் ஆசிரியர் ஒருவர் வந்தார். "பாய், மன்றத்து மண்டபத்தில் ஊர் வரைபடம் மாட்டி வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா? உங்கள் வரிசைக் கடைகளுக்கு எதிரே சாலையை மாற்றப் போகிறார்கள் போலிருக்கிறது" என்றார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "இன்ஷா அல்லாஹ், நாளைக்குப் போய்ப் பார்க்கிறோம்" என்றோம். சகோதரர்களே, நம்மில் பலர் போகப் போவதில்லை என்று நிச்சயித்துக்கொண்டே 'இன்ஷா அல்லாஹ்' சொல்லிப் பழகிவிட்டோம். ரப்பின் நாட்டத்தைச் சொல்லும் அந்தப் பெரிய வார்த்தையை மறுப்புக்கு மரியாதையான பெயராக்கி விட்டோம். நாமும் அன்று அப்படித்தான் சொன்னோம். நாளையும் வந்தது, நாளை மறுநாளும் வந்தது. நான்கு வாரம் கழிந்தது.

சில வருடம் சென்று சாலை வேலை தொடங்கியது. சாலை அகலமாயிற்று, நடுவிலே தடுப்புச் சுவர் வந்தது, பஸ் நிற்குமிடம் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. எதிர்ப்பக்கத்தில் வருகிற வாகனம் நம் கடைக்குத் திரும்ப வேண்டுமானால் வெகுதூரம் போய்ச் சுற்றி வரவேண்டும். அரிசி மூட்டை வாங்க யார் அப்படிச் சுற்றி வருவார்? நாம் வெகு கோபத்தோடு காரியாலயத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நம்மை உட்கார வைத்து, ஒரு கோப்பை எடுத்து வந்து, பொறுமையாகப் பக்கம் பக்கமாகக் காட்டினார். விளம்பரம் வந்த பத்திரிகையின் நறுக்கு அதில் ஒட்டியிருந்தது. நம் கடைக்குத் தினமும் வரும் பத்திரிகைதான் அது! அந்தப் பக்கத்தில்தான் யாருக்கோ நெத்திலியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருப்போம்.

இன்னும் கேளுங்கள். அதே சாலையின் மறுகோடியில் சீனர்களின் கடைகள் சில இருந்தன. அவர்கள் எல்லாரும் கூடி ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தங்கள் குறையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கடைக்கெதிரே தடுப்புச் சுவரில் வாகனம் திரும்ப ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். "உங்கள் வரிசையிலிருந்து ஒருவரும் எழுதவில்லையே" என்றார் அதிகாரி. நமக்குப் பதில் இல்லை. ஒன்றரை வருடத்தில் அந்தக் கடையை மூடிவிட்டு ஆயர் ஈத்தாமுக்கே திரும்பினோம். அந்த இடைவெளி இருபதடி அகலம்கூட இருக்காது. இன்றைக்கும் அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் அது நம் கண்ணில் படாமலிருப்பதில்லை.

நிற்க. இதில் மார்க்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. திருமறையில் ஓர் அத்தியாயத்துக்குப் பெயரே அஷ்ஷூரா, அதாவது கலந்தாலோசனை. மூமின்களின் அடையாளங்களைச் சொல்லி வருகிற இடத்தில், தொழுகையை நிலைநாட்டுவதற்கும் தர்மம் கொடுப்பதற்கும் நடுவிலே, தங்கள் காரியங்களைத் தங்களுக்குள் கலந்து முடிவு செய்வதை அல்லாஹுத் தஆலா வைத்திருக்கிறான். ஐவேளைத் தொழுகையை நாம் விடுவதில்லை. ஜக்காத்தையும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம். இரண்டுக்கும் நடுவே இருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறோமே, ஏன்?

பத்ருப் போர் நடந்த வரலாற்றை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். ஹிஜ்ரி 2ஆம் வருடம், ரமலான் மாதம். நாயகம் (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கினார்கள். அப்போது ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) என்ற சஹாபி முன்வந்து, இந்த இடம் அல்லாஹ்வின் கட்டளைப்படி அமைந்ததா, அல்லது யுத்தத்துக்கான யோசனைப்படி அமைந்ததா என்று அதபோடு கேட்டார். யோசனைதான் என்று நாயகம் அவர்கள் சொன்னதும், அப்படியானால் எதிரிக்கு மிக அருகேயுள்ள கிணற்றண்டை போய்த் தங்கி, மற்றக் கிணறுகளைத் தூர்த்து, நமக்கென்று ஒரு தொட்டி கட்டிக்கொள்வது நல்லது என்று தம் கருத்தைச் சொன்னார். நாயகம் அவர்கள் அதை ஏற்றுப் படையையே நகர்த்தினார்கள்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஹுபாப் சொன்னது வானத்து விஷயமல்ல, தண்ணீர் விஷயம். எந்தக் கிணறு எங்கே இருக்கிறது, எதில் தண்ணீர் நிற்கும் என்பது, அந்தந்த இடத்தை அறிந்தவனுக்குத் தெரிந்த சங்கதி. வஹீ இறங்கும் நபியே அதைக் கேட்டு நடந்தார்கள் என்றால், காரியாலயத்தில் அமர்ந்து வரைபடம் எழுதுகிறவர் கேட்க வேண்டாமா? தெரிந்தவன் சொல்ல வேண்டாமா?

நம் ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. ஆயர் ஈத்தாம் என்றால் கருந்தண்ணீர். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் எப்படி மூழ்கியது என்பதை நாம் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் நம் பத்து பஹாட் மாவட்டம் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்ததையும் கண்டோம். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறுகிறது, எந்த வாய்க்கால் எந்தக் கடைக்குப் பின்னால் அடைபடுகிறது, பத்து வருடத்துக்கு முன் பள்ளமாயிருந்து மழைநீரைக் குடித்துக்கொண்டிருந்த இடத்தை எங்கே மண் கொட்டி மேடாக்கினார்கள் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? அரிசி மூட்டையைத் தூக்கி அடுக்கிய கடைக்காரனுக்குத் தெரியும். ஆனால் அவனோ அதைச் சாயாக் கடையில் சொல்லுகிறான். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுவதில்லை.

சொல்ல வேண்டிய இடம் எது என்பதையும் விளக்கி விடுகிறோம். நம்மில் பலருக்கு இது தெரியாது. நமக்கும் கடை போன பிறகே தெரிந்தது.

இந்நாட்டில் 1976ஆம் வருடத்தில் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டது. 172ஆம் எண் சட்டம் என்பார்கள். அதன்படி மாநிலம் முழுமைக்கும் ஒரு பெருந்திட்டம் உண்டு. அதற்குக் கீழே, ஒவ்வொரு பகுதிக்கும் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்னும் உள்ளூர்த் திட்டம் உண்டு. இந்த உள்ளூர்த் திட்டத்தில்தான் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு வர்ணம் தீட்டுவார்கள். கடைக்கு ஒரு வர்ணம், குடியிருப்புக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் ஒன்று, வெட்டவெளிக்கு ஒன்று. அது அமலுக்கு வந்தபின் அந்த வர்ணத்துக்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்த இயலாது. ஆக, நம் பேரப்பிள்ளைகள் எந்தத் தெருவில் கடை போடலாம் என்பது அந்த வர்ணத்தில் அடங்கியிருக்கிறது.

இதை இரகசியமாகச் செய்ய முடியாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. திட்டம் தயாரிக்கப் புகுமுன்பே ஜனங்களுக்கு அறிவித்துக் கருத்துச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். நகல் தயாரானபின் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, குறைந்தது நான்கு வாரமாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதற்குள் யாரும் எழுத்து மூலமாக ஆட்சேபணை கொடுக்கலாம். நேரில் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டால், விசாரணைக் குழுவின் முன்னால் பேசவும் இடமுண்டு.

இங்கே வாடகைக் கடைக்காரர்களான நம்மவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டடம் கட்ட மனுச் செய்தால், பக்கத்து நிலத்துச் சொந்தக்காரருக்கு அறிவித்து ஆட்சேபணைக்கு 21 நாள் கொடுப்பார்கள். அந்தக் கடிதம் நிலத்துச் சொந்தக்காரருக்குப் போகுமே தவிர, வாடகைக்கு இருக்கும் நமக்கு வராது. முதலாளி கோலாலம்பூரில் இருப்பார். கடிதத்தைப் பிரித்தாரோ இல்லையோ! ஆனால் உள்ளூர்த் திட்டத்தின் நகலைப் பார்த்து ஆட்சேபணை கூறுவதற்கு நிலப்பட்டா வேண்டுவதில்லை. வாடகைக்காரரும் எழுதலாம், ஓட்டுக்கடை வைத்திருப்பவரும் எழுதலாம். நம்மைப் போன்றவர்களுக்கு நன்றாகத் திறந்திருக்கும் கதவு அதுவே.

முன்பு வேறொரு கதவும் இருந்தது. ஊராட்சி மன்றத்துக்கு ஓட்டுப் போட்டு ஆளை அனுப்பும் வழக்கம் நம் பாட்டனார் காலத்தில் உண்டு. 1965ல் அந்தத் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். பிறகு 1976ஆம் வருடத்து 171ஆம் எண் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. இப்போது ஒரு மன்றத்தில் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று வாதிப்பது நம் வேலையல்ல. ஆனால் ஓட்டுக் கதவு சாத்தியிருக்கும்போது, திறந்திருக்கும் நான்கு வாரக் கதவையும் நாமே சாத்திக்கொள்வது என்ன புத்தி?

கேட்காமலே ஊர் அமைத்த காலமும் இந்நாட்டில் உண்டு. அவசரகாலத்தில், 1950ல் பிரிக்ஸ் என்ற துரை வகுத்த திட்டத்தின்படி ஏறக்குறைய 5 இலட்சம் ஜனங்களை, பெரும்பாலும் சீனர்களை, இருந்த இடத்திலிருந்து பெயர்த்து முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். ஜொகூரில் எங்கு திரும்பினாலும் 'கம்போங் பாரு' என்ற பெயரைக் காண்கிறோமே, அவற்றில் பல அவ்விதம் பிறந்தவை. யாரையும் எங்கே வீடு வேண்டும், எங்கே கிணறு வேண்டும் என்று கேட்கவில்லை. யுத்தகாலத்துக் காரியம் அது. இன்றைக்குக் கேட்கிறார்கள், கேட்டால் நாம் வாயைத் திறப்பதில்லை.

நம் சிறுவயதில் ஆயர் ஈத்தாம் எப்படியிருந்தது என்பதை மூத்தவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். வடக்கே கோலாலம்பூரிலிருந்து தெற்கே ஜொகூர் பாருவுக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையும், மேற்கே பத்து பஹாட்டிலிருந்து கிழக்கே குளுவாங்குக்குப் போகும் சாலையும் சந்திக்கும் இடம் நம் ஊர். சிங்கப்பூர் கார்களும் பஸ்களும் லாரிகளும் இங்கே நிற்காமல் போவதில்லை. பூச்சாடியும் மண்பாண்டமும் சாலையோரம் அடுக்கியிருக்கும். நிலக்கடலையும் கிழங்கு வறுவலும் மூட்டை மூட்டையாய்ப் போகும். நடுச்சாமத்திலும் தேத்தண்ணீர்க் கடையில் விளக்கெரியும். பிறகு வடக்கு தெற்கு விரைவுச் சாலை வந்தது. 1994 செப்டம்பரில் அது முழுவதும் திறக்கப்பட்டபோது நாம் சிறுவன். நம் தகப்பனார் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்றைக்குப் பதினோரு பஸ்தான் நின்றது" என்று கணக்குச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. விரைவுச் சாலையிலிருந்து நம் ஊருக்கு இறங்குவழி இருப்பதால் ஊர் பிழைத்தது. பூச்சாடி வாங்க வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். ஆனால் ஒரு சாலைக் கோடு எத்தனை அடுப்புகளை எரிய வைக்கும், எத்தனை அடுப்புகளை அணைக்கும் என்பதற்கு நம் ஊரைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

அத்தனையும் கண்ட பிறகாவது பாடம் கற்றோமா? கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்குமிடையே அதிவேக ரயில் விடுவதென்று 2016 டிசம்பரில் இரு அரசாங்கங்களும் உடன்படிக்கை செய்தன. ஜொகூரில் மூவாரிலும் பத்து பஹாட்டிலும் இஸ்கந்தார் புத்திரியிலும் நிலையம் அமையும் என்றார்கள். 2017 நவம்பர் தொடங்கி மூன்று மாதம், பாதையின் வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்டார்கள். நம் கடைகளில் அந்த ரயிலைப் பற்றிப் பேசாத நாளில்லை. நிலம் விலை ஏறும் என்றார் ஒருவர், பஸ் வியாபாரம் படுத்துவிடும் என்றார் இன்னொருவர். நேரில் போய் வரைபடத்தைப் பார்த்தவர் யார் என்றால் நமக்குத் தெரிந்து எவருமில்லை, நாமும் போகவில்லை. நெத்திலிப் பொட்டலத்தில் ஒரு கடையைப் பறிகொடுத்த நாமே போகவில்லை என்றால், இந்தச் சோம்பல் எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள். அந்த ரயில் வரவில்லை. 2021 ஜனவரி முதல் தேதியன்று திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். வந்திருந்தால், நம் மாவட்டத்தில் அதன் பாதை நம்மைக் கேட்காமல் போட்டதாக நாம் சொல்லியிருக்க முடியாது.

இந்தச் சோம்பலுக்கு ஒரு வேர் இருக்கிறது. நம் முன்னோர் சபராளிகளாக வந்தவர்கள். கப்பலேறி வந்து, மூன்று வருடம் கணக்குப் பார்த்து, ஊருக்குத் திரும்பிவிடுகிற எண்ணத்திலேயே காலம் கழித்தார்கள். இராமநாதபுரம், தஞ்சைப் பக்கத்தில் வீடு கட்டினார்கள், பள்ளிவாசலுக்குத் தளம் போட்டார்கள், குளத்துக்குப் படித்துறை கட்டினார்கள். இங்கே பாயும் தலையணையுமாகக் கடை மாடியிலேயே படுத்தார்கள். இது தங்கல் இடம், ஊர் அங்கே என்பது அவர்கள் கணக்கு. அவர்களைக் குறை சொல்லவில்லை; அவர்கள் வியர்வையில்தான் நாம் நிற்கிறோம். ஆனால் இன்றைக்கு நம் குடியுரிமை இங்கே. நம் பிள்ளைகள் படிப்பது இங்கே. நம் வாப்பாவும் உம்மாவும் அடங்கியிருப்பது இந்த மண்ணிலே. இன்னும் தங்கல்காரன் புத்தியோடு ஊர்க் காரியத்தைப் பார்ப்பது தகுமா? அதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் நம் சொந்தக்காரர்கள் மே முதல் தேதியிலும் ஆகஸ்டு 15லும் கிராம சபைக்குப் போய் வாய்க்காலுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் வாதாடுகிறார்கள். கேரளத்தில் 1996ல் ஜனங்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை ஊராட்சிகளிடமே ஒப்படைத்து, வார்டுக்கு வார்டு ஜனங்களைக் கூட்டி வைத்துக் கேட்டார்கள். அந்தச் செய்தியையெல்லாம் நாம் இங்கே கைபேசியில் பார்த்து ரசிக்கிறோம்.

இன்னொரு வேரும் உண்டு. சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம்மவர்களுக்குச் சிபாரிசின் மேல் உள்ள நம்பிக்கை! "வரைபடமாவது, மனுவாவது! டத்தோவைப் பிடித்தால் ஒரே வார்த்தையில் முடியும்" என்கிற பேச்சு நம் கடைகளில் சாதாரணம். ஆளைப் பிடித்துச் செய்கிற காரியம் ஓர் ஆளுக்கு நன்மையாகவும் ஒரு தெருவுக்குத் தீமையாகவும் முடியலாம். பிடித்த கைக்கு ஏதேனும் கொடுக்கவும் நேரிடும். அதற்குப் பெயர் என்னவென்று மார்க்கம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இதற்கு எதிராக ஒரு வரலாறு இருக்கிறது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்தபோது மதீனத்துப் பள்ளிவாசலை விரிவாக்க எண்ணினார்கள். பக்கத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தகப்பனார் முறையான ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு. கலீபா விலைக்குக் கேட்டார்கள், அப்பாஸ் மறுத்தார்கள். கேட்டவர் யார்? பாரசீகத்தையும் ஷாமையும் வெற்றி கொண்ட ஆட்சியின் தலைவர். கேட்டது எதற்கு? அல்லாஹ்வின் பள்ளிவாசலுக்கு. இருந்தும் வீட்டை இடிக்க உத்தரவிடவில்லை. இருவரும் உபை இப்னு கஅபு (ரலி) அவர்களை நடுவராக வைத்து, அவர்கள் முன் சமமாக உட்கார்ந்தார்கள். சொந்தக்காரர் சம்மதமின்றி எடுக்கக்கூடாது என்று கலீபாவுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. கலீபா ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகே அப்பாஸ் அவர்கள், இனி அதை முஸ்லிம்களுக்காக விலையின்றியே கொடுக்கிறேன் என்று மனமுவந்து கொடுத்தார்கள். கேட்ட முறை சரியாக இருந்தபோது கொடுக்கும் மனமும் பிறந்தது. அப்பாஸ் அவர்கள் சிபாரிசு தேடி ஓடவில்லை, கலீபாவின் தோழர்களைப் பிடிக்கவில்லை. தம் ஹக்கைச் சபையில் வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பதும் நமக்குப் படிப்பினை.

வெளிப்படையாகச் சொல்லுவதென்றால், சொல்லுகிறவன் கையும் சுத்தமாயிருக்க வேண்டும். கடைகளுக்கு முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் நம்மவர் வெங்காய மூட்டையையும் எண்ணெய் டின்னையும் மேசை நாற்காலியையும் பரப்பி வைத்திருப்பது மன்றத்தார் கண்ணுக்குத் தெரியாததல்ல. வழியின் அகலத்தைப் பற்றி மக்களுக்குள் பிணக்கு வந்தால் ஏழு முழம் விட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது ஹதீஸ் கிதாபுகளில் இருக்கிறது. வழியில் கிடக்கும் இடையூறை நீக்குவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகச் சொன்ன மார்க்கத்தார், குருடரும் கிழவியும் நடுச்சாலையில் இறங்கி நடக்கும்படி மூட்டையை அடுக்கிவிட்டு, நமக்கு வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தால் யார் மதிப்பார்? நம் கடையையும் சேர்த்தே சொல்லுகிறோம். போன வாரம்தான் மூன்று மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டோம். இன்னும் இரண்டு வெளியே கிடக்கிறது.

நம் நலத்தை மட்டும் எழுதுவதும் போதாது. சீன அண்டை வீட்டாரும் மலாய் அண்டை வீட்டாரும் ஓதவும் தொழவும் வணங்கவும் வேறு வேறு இடத்துக்குப் போகலாம். வெள்ளம் வந்தால் ஒரே தண்ணீரில்தான் நிற்கிறோம். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை ஆலிம்சாக்கள் பயானில் கேட்டிருக்கிறோம். வடிகால் வேண்டுமென்று நம் ஐந்து கடைகள் எழுதுவதைவிட, அந்தத் தெருவின் முப்பது கடைகளும் சேர்ந்து மலாயில் எழுதிக் கொடுப்பதே பலிக்கும்.

பெண்மக்களையும் கேட்க வேண்டும். ஹுதைபியாவில் சஹாபாக்கள் துக்கத்தில் அசையாமல் நின்றபோது, உம்மு சலமா (ரலி) நாயகியார் சொன்ன யோசனையைக் கேட்டுத்தான் நாயகம் அவர்கள் காரியத்தை நடத்தினார்கள். நாம் காலையில் கடைக்குள் நுழைந்தால் இரவில்தான் வெளியே வருகிறோம். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் ஆபத்து, இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் விளக்கில்லாமை, கிளினிக்குக்கு நடந்து போக நிழலில்லாமை, இவையெல்லாம் வீட்டிலிருப்பவர்களுக்கே தெரியும். நம் வீட்டில் கேட்டபோது ஒரு மூச்சில் ஒன்பது குறை வந்தது. அவற்றில் எட்டு நமக்குப் புதிது.

எழுதிக் கொடுத்தால் நடந்துவிடுமா என்று கேட்பீர்கள். நடக்காமலும் போகலாம். ஆட்சேபணையைக் கேட்க வேண்டுமென்றுதான் சட்டம் சொல்லுகிறது. ஒப்புக்கொள்ள வேண்டுமென்று சொல்லவில்லை. சில சமயம் நாம் கேட்டது கிடைத்து, அதுவே தவறாகவும் முடியலாம். உஹதுப் போருக்கு முன்னால் மதீனாவுக்குள்ளேயே இருந்து போரிடுவது நல்லதென்பது நாயகம் (ஸல்) அவர்களின் எண்ணம். வெளியே போக வேண்டுமென்று இளைஞர்களில் மிகப் பலர் சொன்னார்கள். நாயகம் அவர்கள் அவர்கள் சொல்லுக்கு இணங்கினார்கள். அன்று 70 சஹாபாக்கள் ஷஹீதானார்கள். நாயகம் அவர்களின் திருமுகத்திலும் காயம் பட்டது. இதற்குப் பிறகு, இனி இவர்களைக் கேட்காதீர் என்று வசனம் இறங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் ஆலுஇம்ரான் அத்தியாயத்தில் இறங்கியது என்ன? அவர்களை மன்னித்து, அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோரி, காரியங்களில் அவர்களோடு கலந்துகொள்ளும்படியே கட்டளை வந்தது. கேட்டுச் செய்ததில் தவறு நேர்ந்தும் கேட்பது நிற்கவில்லை. ஒரு மனு பலிக்காததால் மறுமனு எழுதாதிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடைசியாக, கடை சம்பந்தமில்லாத ஒன்று. இருபது வருடத் திட்டத்தில் நாம் முதலில் பார்க்க வேண்டிய வர்ணம் கடைத்தெருவின் வர்ணமல்ல, மையவாடியின் வர்ணம். ஜனத்தொகை பெருகும் ஊரில் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இடம் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அடக்கஸ்தலத்துக்கு இடம் கேட்க உயிரோடிருப்பவர்களுக்கு நாக்கு எழுவதில்லை. பள்ளிவாசலும் மையவாடியும் மாநில மார்க்க மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை என்பது மெய். ஆனாலும், இப்போதுள்ள இடம் இன்னும் எத்தனை வருடத்துக்குப் போதும், மழைக்காலத்தில் எந்த மூலையில் தண்ணீர் ஊறிக் குழி தோண்ட முடியாமல் போகிறது என்பதை நேரில் மண் தள்ளிய நாம்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நாம் கோருவது பெரிய காரியமல்ல. சங்கத்தில் மலாய் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் வேண்டும். வாரம் ஒரு முறை பத்திரிகை விளம்பரங்களையும் மாவட்ட மன்றத்தின் அறிவிப்புப் பலகையையும் இணையப் பக்கத்தையும் பார்த்து, ஜும்ஆ முடிந்ததும் நமக்குச் சொல்லுவது அவர்கள் வேலை. நகல் காட்சிக்கு வரும் வரையில் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. இப்போது அமலில் இருக்கும் உள்ளூர்த் திட்டத்தில் நம் தெருவுக்கும் மையவாடிக்கும் என்ன வர்ணம் போட்டிருக்கிறது என்று மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் போய்க் கேட்டுப் பார்க்கலாம். வருகிற மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு நாம் போகிறோம். கடை வேனில் ஆறு பேருக்கு இடமிருக்கிறது. மூக்குக் கண்ணாடி உள்ளவர்கள் மறவாமல் எடுத்து வரவும். வரைபடத்து எழுத்து மிகப் பொடியாக இருக்கும். வஸ்ஸலாம்.